1980களின் சின்ன டீசல் எஞ்சினோடு ஒரு பாய்மரப் படகு விலைக்கு வருகிறது. எஞ்சினை நம்பி வாங்கலாமா?

கேட்டவர் தந்த விவரம் இவ்வளவுதான். 31 அடிப் பாய்மரப் படகு, எடை 5 தொன். உள்ளே 1980களில் செய்த இரண்டு சிலிண்டர், 18 குதிரைவலு டீசல் எஞ்சின். திருகோணமலை உள் துறைமுகத்தில் நங்கூரத்தில் நிற்கிறது. வாங்கினால் குடும்பத்தோடு கிழக்குக் கரையோரமாக ஆறுதலாகப் போய்வர ஆசை. "நாற்பது வயது எஞ்சின், மாற்றித்தான் ஆகவேண்டும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்" என்கிறார்.

பயமுறுத்துகிறவர்களை விடுங்கள். இருபது வருடத்துக்கு மேலாக மீன்பிடி போட்டுகளின் எஞ்சின்களோடு மல்லுக்கட்டிய கை என்னுடையது. இடையில் மூன்று பாய்மரப் படகுகளுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் தினமும் கடலுக்குப் போகிற எஞ்சின் வேலை செய்து செய்துதான் தேயும். அதை வைத்தே பழகியதால், பாய்மரப் படகு எஞ்சினைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. அது வேலை செய்து கெடுவதில்லை, சும்மா இருந்து கெடுகிறது. காற்று வந்தால் நிறுத்திவிடுவார்கள். நங்கூரத்தில் நிற்கும்போது பற்றரிக்கும் ஐஸ் பெட்டிக்குமாக ஒரு மணித்தியாலம் சுமையே இல்லாமல் புடுபுடுவென்று ஓடவிடுவார்கள். டீசல் எஞ்சின் சுமை ஏறாமல் ஓடினால் சரியாகச் சூடேறாது, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டர்ச் சுவரில் அழுந்திப் பிடிக்காது. முழுதாக எரியாத டீசல் சுவரில் அரக்குப் பூசினதுபோலப் படிந்து வழவழவென்றாகிவிடும். அதற்குப் பிறகு ஒயில் மேலே ஏறும், நீலப் புகை வரும். அதனால் விற்பவரிடம், எஞ்சின் ஓடிய நேரத்தை எண்ணும் மணி மீற்றர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டு என்ன பயன்? எதற்காக ஓட்டினீர்கள், கடைசியாக எப்போது ஒரு முழு நாள் ஓட்டினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் எவ்வளவு யோசிக்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சரி, படகுக்குப் போகிறீர்கள். ஏறியவுடன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள்.

ஒரு முறை நண்பர் ஒருவருக்காக இப்படி ஒரு படகு பார்க்கப் போனோம். கிண்ணியாவிலிருந்து ஒரு நானாவையும் கூட்டிப்போனேன், எனக்கு முந்திய தலைமுறை மெக்கானிக். காலை ஒன்பது மணி. விற்பவர் சாவியைத் திருப்பினார், அரை வினாடியில் எஞ்சின் பிடித்தது. நண்பருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நானா சாவியை வாங்கி நிறுத்திவிட்டுக் குனிந்து சிலிண்டர் தலையில் உள்ளங்கையை வைத்தார். என் கையையும் இழுத்து வைத்தார். இரும்பு சட்டி மாதிரிச் சுட்டது. "தம்பி, நமக்கு முன்னுக்கே யாரோ அடுப்பு மூட்டி வெச்சிருக்காங்க" என்றார், விற்பவருக்குக் கேட்கும்படியாகவே.

இருந்தோம். பிளேன்ரீ வந்தது, பிறகு சோறும் வந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு இரும்பு ஆறியிருந்தது. அப்போது சாவியைத் திருப்பினால் கர்ர் கர்ர் என்று சுற்றிக்கொண்டே இருந்தது, பதினைந்து வினாடி. பின்னால் குழாயில் வெள்ளைப் புகைதான் வந்தது. மூன்றாம் தரம்தான் பிடித்தது.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். டீசல் எஞ்சினில் நெருப்புப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை இருபதில் ஒரு பங்குக்கு அமுக்க, அந்த அமுக்கத்தில் வருகிற சூடுதான் டீசலைப் பற்றவைக்கிறது. ரிங்கோ வால்வோ தேய்ந்து காற்று கசிந்தால் சூடும் சேர்ந்து கசியும். குளிர்நாட்டில் இந்த நோயைப் பனிக்காலக் காலைப்பொழுதே காட்டிக்கொடுத்துவிடும். நம்முடைய ஊரில் விடியற்காலையிலேயே காற்று 25 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும், நோஞ்சான் எஞ்சின்கூடச் சமாளித்துவிடும். அப்படியிருந்தும் ஆறின நிலையில் தடுமாறினால் அது லேசான வருத்தம் இல்லை. இங்கே ஒரு நல்ல எஞ்சின் இரண்டு மூன்று வினாடிக்குள் பிடிக்க வேண்டும், வெள்ளைப் புகை வந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் போய்விட வேண்டும்.

அமுக்கத்தை அளக்க மீற்றர் இருந்தால் நல்லது. பொதுவாக 400 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் காட்டும். எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் நான் பார்ப்பேன், பத்து சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் தேடுவேன். மீற்றர் இல்லையென்றால் பழைய எஞ்சினுக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. பலவற்றில் தலைக்கு மேலே அமுக்கத்தை விடுவிக்கும் சின்ன லீவர் இருக்கும். அதைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றினால் சுலபமாகச் சுற்றும். ஒரு சிலிண்டரின் லீவரை மட்டும் இறக்கிவிட்டுச் சுற்றுங்கள். நல்ல சிலிண்டர் ரப்பர் பந்தில் முட்டினதுபோலத் திருப்பித் தள்ளும். தேய்ந்தது பெருமூச்சு விட்டுக்கொண்டு விட்டுக்கொடுக்கும். இரண்டையும் மாறிமாறிச் செய்து பார்த்தால் கைக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது எஞ்சினுக்குள் ஓடுவது எந்தத் தண்ணீர். என்னைப் பொறுத்தவரை வயதைவிட இதுதான் பெரிய கேள்வி. சில எஞ்சின்களில் கடல்தண்ணீரே நேராக உள்ளே சுற்றும். சிலவற்றில் உள்ளே நன்னீரும் கூலன்ரும் இருக்கும், கடல்தண்ணீர் பக்கத்திலிருக்கிற குழாய்க்கூட்டில் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். உங்கள் விவரத்துக்குப் பொருந்துகிற பிரபலமான எஞ்சின் யன்மார் 2ஜீஎம்20. அதிலேயே இரண்டு வகையும் உண்டு, பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் நன்னீர் வகை. உங்களுடையது எதுவென்று தகட்டில் பாருங்கள். கடல்தண்ணீர் வகையில் சூடு ஏற ஏற உப்பு படியும் என்பதால் அதன் தேர்மொஸ்டாற் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) 42 பாகையிலேயே திறக்கத் தொடங்கி 52இல் முழுதாகத் திறந்துவிடும். நம் கடலே 28, 29 பாகை என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். குளிர்கடலில் இருக்கும் விசாலமான இடைவெளி இங்கே இல்லை. பாதி அடைத்த குழாயோடு வடகடலில் ஓடித்திரிந்த எஞ்சின் இங்கே வந்தவுடன் கொதிப்பது இதனால்தான். நாற்பது வருடம் கடல்தண்ணீர் குடித்த வார்ப்பிரும்பு உள்ளிருந்து அரித்திருக்கும், அதை வெளியே பெயின்ற் அடித்து மறைத்துவிடலாம். நன்னீர் வகை என்றால் எனக்குப் பாதிக் கவலை குறைந்துவிடும்.

எந்த வகையானாலும் புகை வெளியேறும் முழங்கையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். புகையும் கடல்தண்ணீரும் சேருகிற வளைவு அது. நான் கழற்றிய ஒன்றில் கரியும் உப்பும் இறுகி, என் சுண்டுவிரல் நுழையவில்லை. அந்தப் படகுக்காரர் இரண்டு வருடமாக எஞ்சினுக்குப் பலமில்லை என்று டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரை மாற்றிக்கொண்டிருந்தார். பாவம், எஞ்சின் மூக்கடைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. விற்பவர் கழற்ற விடமாட்டேன் என்றால் விலையில் ஒரு புது முழங்கையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒயில் குச்சி பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பால்தேத்தண்ணி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வீட்டுக்குப் போய்விடுங்கள். கியர்பொக்ஸ் ஒயிலையும் மறக்காமல் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் சூடாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடியுங்கள். மெல்லிய மூச்சு வந்தால் பரவாயில்லை. கையை நனைக்கிற புகையாகக் குப்குப்பென்று வந்தால் ரிங் போய்விட்டது.

இனிக் கடல். கயிற்றில் கட்டி நிற்கும் படகில் எஞ்சினை ஓட்டிக் காட்டுவது ஒன்றுக்கும் உதவாது. உள் துறைமுகம் குளம் மாதிரி, அங்கே சுற்றிவருவதும் போதாது. துறைமுக வாயைத் தாண்டிக் கொட்டியாரக் குடாவுக்குள் போங்கள் (அனுமதி அலுவல்களை விற்பவர் தலையில் கட்டிவிடுங்கள்). கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலமென்றால் போகும்போது காற்று முதுகில் இருக்கும், எல்லா எஞ்சினும் அப்போது நல்ல எஞ்சின்தான். திரும்பி வரும்போது, காற்று முகத்தில் அடிக்க, முக்கால் வேகத்துக்கு மேல் ஒரு மணித்தியாலம் விடாமல் ஓட்டுங்கள். சூட்டு முள் ஓரிடத்தில் நின்றால் சரி. அரை மணிக்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கினால் தண்ணீர்ப் பாதையில் எங்கோ அடைப்பு. பிறகு ஒரு நிமிடம் முழு வேகம். நிமிடத்துக்கு 3600 சுற்று வரவேண்டிய எஞ்சின் 2800இலேயே நின்று கறுப்புப் புகை கக்கினால் உடனே எஞ்சினைத் திட்டாதீர்கள். நான் பார்த்த ஒரு படகு நங்கூரத்திலேயே இரண்டு வருடம் நின்றது. கீழே முங்கிப் பார்த்தால் புரொப்பெல்லர் சிப்பி பிடித்துப் பலாப்பழம் மாதிரி இருந்தது. சுரண்டிய பிறகு மறுபடி ஓட்டினோம், புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. அதனால் ஓட்டப் போகும் நாளுக்கு முதல்நாளே ஒரு பொடியனைக் கீழே இறக்கிச் சுரண்டச் சொல்லிவிடுங்கள்.

பலம் போதுமா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. படகு நீரில் தொடும் நீளம் 25 அடி என்று வைத்தால், அதன் வர்க்கமூலம் 5, அதை 1.34ஆல் பெருக்கினால் 6.7. இப்படிப்பட்ட உடம்புள்ள படகு மணிக்கு ஏறக்குறைய 6.7 கடல்மைலுக்கு மேல் போகாது, ஐம்பது குதிரை பூட்டினாலும் பின்பக்கம் அமிழ்வதும் டீசல் கரைவதும்தான் மிச்சம். தொன்னுக்கு 3 முதல் 4 குதிரைவலு என்பது வழக்கமான அளவு, உங்களுடையது 3.6. அமைதியான கடலில் பாதிப் பலத்தில் மணிக்கு 5 கடல்மைல் போகும், 2 லீற்றர் அளவில் குடிக்கும். நூறு கடல்மைலுக்கு இருபது மணித்தியாலம், நாற்பது லீற்றர். கிழக்குக் கரையில் மார்ச், ஏப்ரலில் காற்றே இல்லாத நாட்கள் வரிசையாக வரும், அப்போது இந்தக் கணக்குத்தான் கைகொடுக்கும். பலமான வாடைக் காற்றை எதிர்த்துப் போக 18 குதிரை போதாது. அந்தக் காலத்தில் குடும்பத்தோடு கடலுக்குப் போகவும் கூடாது.

டாங்கியின் அடியிலிருந்து ஒரு ஜாம் போத்தல் டீசல் எடுத்து வெயிலில் வையுங்கள். 2022இல் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்த கானிலெல்லாம் சேர்த்துவைத்த டீசல் இன்னும் சில டாங்கிகளில் கிடக்கிறது. அடியில் தண்ணீரும், தண்ணீருக்கு மேலே கறுத்த சளி மாதிரி ஒன்றும் தெரிந்தால் டாங்கியைத் திறந்து கழுவ வேண்டிவரும். இல்லாவிட்டால் அலையில் அது கலங்கி, மிக மோசமான நேரத்தில் பில்டரை அடைக்கும்.

பாகங்கள் விடயத்தில் பழசு என்பதே ஒரு வசதி. இந்த எஞ்சினில் கம்ப்யூட்டர் இல்லை. ஒருமுறை பிடித்துவிட்டால் பற்றரி செத்தாலும் ஓடும். பெயரிங், சீல், பெல்ட் எல்லாம் எண்ணைச் சொன்னால் கடையில் கிடைக்கும். கடலுக்கென்றே செய்த பாகங்கள்தான் தலையிடி: தண்ணீர்ப் பம்ப், அதற்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர், சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் மெனிபோல்ட், முழங்கை. பீட்டா, நன்னி போன்ற எஞ்சின்களின் உடம்பு குபோட்டா. அதுவென்றால் உள் உறுப்புகளுக்குத் தம்பலகாமத்து உழவு இயந்திரக்காரரிடம் கேட்டாலும் வழி பிறக்கும், ஆனால் முழங்கைக்கு அவரும் கைவிரிப்பார். வாங்குவதற்கு முன்பே இந்த நாலு பாகத்துக்கும் கொழும்பில் விலையும் கிடைக்கும் நாளும் கேட்டு எழுதிவையுங்கள். எதற்குமே ஆளில்லை என்றால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் நான் வாங்கமாட்டேன்.

நீங்கள் சொன்ன படகைப் பொறுத்தவரை, நன்னீர் வகையாக இருந்து, ஆறின நிலையில் உடனே பிடித்து, அந்த ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் எஞ்சினை மாற்ற வேண்டாம். முழங்கை, ஹோஸ், இம்பெல்லர், எஞ்சின் தாங்கி ரப்பர் நான்கையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். கடல்தண்ணீர் வகையாக இருந்தால் அது இன்னும் சில வருடம் ஓடலாம், ஆனால் எஞ்சின் இல்லாத படகுக்கு என்ன விலை கொடுப்பீர்களோ அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

நண்பர் அந்தப் படகை வாங்கினாரா என்று கேட்பீர்கள். வாங்கினார். நானா சொன்ன விலைக்கு. எஞ்சினை இறக்கி ரிங் போட்டோம், ஒன்றரை மாதம் பிடித்தது. பார்க்கப் போகும் நாளில் விடியற்காலையிலேயே போங்கள், வருகிற நேரத்தை மட்டும் விற்பவரிடம் சொல்லாதீர்கள்.