பேஸ்பால் ஆஃப்சீசனில் (ஆட்டங்கள் இல்லாத மாதங்களில்) ரசிகர்கள் சொல்லும் டிரேடு, அதாவது அணிகளுக்கிடையே வீரர்களை மாற்றிக்கொள்ளும், யோசனைகள் ஏன் பெரும்பாலும் நடப்பதில்லை? ஒரு டிரேடு நியாயமானதா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில், இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்த மறுநாளே இந்தக் கச்சேரி தொடங்கிவிடும். "நம்மிடம் இருக்கும் மூன்று இளம் பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) கொடுத்துவிட்டு அந்த ஷார்ட்ஸ்டாப்பைத் தூக்கிவிடலாமே" என்பார் ஒருவர். "ஆசையைப் பாரு" என்பார் அந்த அணியின் ரசிகர். இருவரும் வீரர்களின் பெயரையும் போன சீசன் ஹோம்ரன்களையும் வைத்துத்தான் மல்லுக்கட்டுவார்கள். அணி நிர்வாகங்கள் பேரம் பேசும்போது முதலில் பார்ப்பது மூன்று விஷயம்: அந்த வீரர் இன்னும் எத்தனை ஆண்டு அணியின் பிடியில் இருப்பார், அந்த ஆண்டுகளுக்கு அவர் சம்பளம் எவ்வளவு, 40 பேர் பட்டியலில் அவருக்கு இடம் உண்டா. இவற்றைப் பார்த்துவிட்டாலே பாதி யோசனைகள் அடிபட்டுப் போகும்.

ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்குவோம். மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு சேவை. சீசன் சுமார் 187 நாள் ஓடும், ஆனால் ஓர் ஆண்டில் 172 நாளுக்கு மேல் வரவு வைக்க மாட்டார்கள். புள்ளிவிவரத் தளங்களில் 4.118 என்று இருந்தால் நான்கு ஆண்டு 118 நாள் என்று படிக்க வேண்டும். அது தசம எண் இல்லை. ஆறு ஆண்டு நிறைந்தவர், நீண்ட ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவார், எந்த அணியோடும் ஒப்பந்தம் போடலாம். நவம்பரில் 4.118 என்று நிற்பவர் அடுத்த சீசன் முடிவில் 5.118 தான் ஆவார், ஆகவே அவரை வாங்கும் அணிக்கு இரண்டு முழு சீசன் கிடைக்கும்.

ஒரே ஒரு நாள் எவ்வளவு மாற்றும் என்பதற்கு கிரிஸ் பிரையன்ட் நல்ல உதாரணம். 2015இல் சிகாகோ கப்ஸ் அவரை ஏப்ரல் 17 அன்றுதான் மைனர் லீக்கிலிருந்து மேலே அழைத்தது. அந்த ஆண்டு அவருக்குச் சேர்ந்தது 171 நாள். அந்த ஒரு நாளால் 2020 முடிவில் ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருக்க வேண்டியவர் 2021வரை காத்திருந்தார். அவர் தொடுத்த முறையீடு 2020 ஜனவரியில் தள்ளுபடியானது. நியாயமா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் விதிப்படி அது செல்லும்.

சம்பளமும் இந்தச் சேவைக் கணக்கைத்தான் ஒட்டிப்போகிறது. முதல் மூன்று ஆண்டு ஏறத்தாழக் குறைந்தபட்சச் சம்பளம். 2025இல் அது 7,60,000 டாலர். மூன்று ஆண்டு நிறைந்ததும் ஆர்பிட்ரேஷன், அதாவது ஒத்த வீரர்களோடு ஒப்பிட்டுச் சம்பளம் கேட்கும் உரிமை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட சேவை உள்ளவர்களில் மேல் 22 சதவீதத்தினருக்கு இது ஓராண்டு முன்பே கிடைக்கும். அவர்களைத்தான் சூப்பர் டூ என்கிறார்கள். ஆர்பிட்ரேஷனில் ஆண்டுக்காண்டு சம்பளம் ஏறும், இறங்குவது அபூர்வம். அதனால்தான் சுமாராக ஆடும் ஐந்தாம் ஆண்டு வீரரைப் பல அணிகள் நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒப்பந்தமே தராமல் விட்டுவிடுகின்றன. அப்படி விடப்படக்கூடிய ஒருவரை நான்கு நாள் முன்பு டிரேடில் கேட்பது வீண். காத்திருந்தால் இலவசமாகவே வருவார்.

இனி கணக்கு. வார் என்பது, எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று வீரரைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்ற அளவு. திறந்த சந்தையில் ஒரு வாருக்கு 8 முதல் 9 மில்லியன் டாலர் என்று பலரும் கணக்கு வைப்பார்கள். நாம் 8.5 என்று வைப்போம். கற்பனையாக ஓர் அவுட்ஃபீல்டர்: இரண்டு ஆண்டு பாக்கி, ஆண்டுக்கு 3 வார் எதிர்பார்ப்பு, ஆர்பிட்ரேஷன் சம்பளம் 9, பிறகு 13 மில்லியன். அவர் தரப்போவது 6 வார், அதாவது 51 மில்லியன் மதிப்பு. சம்பளம் 22 போக 29 மில்லியன் மிச்சம். இந்த மிச்சம்தான் டிரேடில் கைமாறுகிறது. எதிர்த் தட்டில், மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழான டிரிபிள் ஏவில் ஆடும் ஓர் இளம் பிட்சர். காயம், தோல்வி எல்லாவற்றுக்கும் கழித்துக்கொண்டு ஆண்டுக்கு 1 வார் என்றே வைத்தாலும் ஆறு ஆண்டுக்கு அதே 51 மில்லியன். சம்பளம் மொத்தம் 14 ஆனால் மிச்சம் 37. தூரத்து ஆண்டுகளுக்குக் கொஞ்சம் கழிவு போட்டால் இருவரும் ஏறத்தாழ சமம். "பெயர் தெரியாத ஒரு பையனுக்கா எங்கள் நட்சத்திரம்?" என்ற கோபம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

இந்தக் கணக்கில் ரசிகர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. போன சீசன் வாரை அப்படியே அடுத்த ஆண்டுக்கும் எழுதிவிடுவார்கள். கடந்த மூன்று சீசனை எடுத்து, அண்மை ஆண்டுக்கு அதிக எடை கொடுத்து, முப்பதைத் தாண்டியவருக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஆட்டத்தின் இடையில் இறங்கி வீசும் ரிலீஃப் பிட்சருக்கு இது இன்னும் முக்கியம். 60 இன்னிங்ஸ் வீசியவரின் ஈஆர்ஏவை (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) நம்பி யாரும் பெரிதாகக் கொடுக்க மாட்டார்கள்.

2023 டிசம்பரில் சான் டியாகோ பாட்ரெஸ் ஹுவான் சோட்டோவையும் டிரென்ட் கிரிஷமையும் நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு மைக்கேல் கிங், ட்ரூ தோர்ப், ஜோனி பிரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ், கைல் ஹிகஷியோகா என்று ஐந்து பேர். சோட்டோவுக்கு ஒரே ஓர் ஆண்டுதான் பாக்கி, ஆர்பிட்ரேஷன் சம்பளம் 31 மில்லியன். ஓராண்டுக்கு ஐவரா என்று யாங்கீஸ் ரசிகர்கள் கொதித்தார்கள், சோட்டோவுக்கு இவ்வளவுதானா என்று பாட்ரெஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். நடந்ததைப் பாருங்கள். சோட்டோ 41 ஹோம்ரன் அடித்தார், யாங்கீஸ் உலகத் தொடர்வரை போனது, பிறகு அவர் 15 ஆண்டு, 765 மில்லியன் டாலருக்கு மெட்ஸுக்குப் போய்விட்டார். கிங் 2024இல் 2.95 ஈஆர்ஏவோடு முழுநேர ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், ஆனார். தோர்ப்பை முக்கியப் பொருளாக வைத்து பாட்ரெஸ் 2024 மார்ச்சில் பிட்சர் டிலன் சீஸை வாங்கியது. ஒட்டுக்கு வந்தவர் என்று பேசப்பட்ட கிரிஷம் 2025இல் 34 ஹோம்ரன் அடித்தார். இதில் ஏமாந்தது யார் என்று கேட்டால் என்னால் ஒரு பக்கத்தைக் காட்ட முடியாது.

பட்டியலில் இடம் என்ற மூன்றாவது விஷயத்தைத்தான் கற்பனை டிரேடுகள் முழுசாக மறக்கின்றன. ஆடும் பட்டியலில் 26 பேர், விரிந்த பட்டியலில் 40 பேர். சீசனில் நீண்ட காயத்துக்கு 60 நாள் பட்டியல் இருக்கும், அதில் இருப்பவர் 40இல் சேரமாட்டார். உலகத் தொடர் முடிந்த ஐந்தாம் நாளுக்குள் அவர்கள் எல்லோரையும் 40க்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். குளிர்காலத்தில் அந்தப் பட்டியல் கிடையாது, பிப்ரவரியில் பயிற்சி முகாம் தொடங்கும்போதுதான் திரும்ப வரும். ஆக நவம்பரில் எல்லா அணிக்கும் நெருக்கடி.

அதே நவம்பரில், 40இல் சேர்க்காத வீரர்களை வேறு அணிகள் எடுத்துக்கொள்ளும் ரூல் 5 தேர்வுக்கான கெடு. 18 அல்லது அதற்குக் குறைந்த வயதில் ஒப்பந்தமானவரை ஐந்தாம் சீசன் முடிவுக்குள்ளும், 19 அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் ஒப்பந்தமானவரை நான்காம் சீசன் முடிவுக்குள்ளும் 40இல் சேர்த்தாக வேண்டும். 2022இல் கல்லூரியிலிருந்து எடுக்கப்பட்டவருக்கு அந்தக் கெடு 2025 நவம்பர். சேர்க்காவிட்டால் டிசம்பரில் வேறு அணி 1,00,000 டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த சீசன் முழுக்க அவரை 26இல் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் 50,000 டாலருக்குப் பழைய அணிக்கே திரும்பக் கொடுக்க முன்வர வேண்டும். பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள். ஆனால் 1954இல் டாட்ஜர்ஸிடமிருந்து பைரேட்ஸ் இப்படி எடுத்தவர்தான் ராபர்ட்டோ கிளெமென்டே. அண்மையில் 2020இல் யாங்கீஸ் பாதுகாக்காமல் விட்ட காரெட் விட்லாக்கை ரெட் சாக்ஸ் எடுத்தது, மறு ஆண்டே அவர் 1.96 ஈஆர்ஏ. முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டுவந்த பிட்சரைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. யாங்கீஸ் ரசிகர்களிடம் மட்டும் இதைப் பேசாதீர்கள்.

இந்த நெருக்கடி தெரிந்தால் நவம்பர் மாதத்துச் சின்ன டிரேடுகள் புரியும். 40இல் இருக்கும் ஒரு நடுத்தர பிட்சரைக் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டு ஆண்டு பாதுகாக்கத் தேவையில்லாத பத்தொன்பது வயதுப் பையனை வாங்குவார்கள். ரசிகர் கண்ணுக்கு நஷ்டம் போலத் தெரியும். உண்மையில் அணி வாங்கியது ஒரு காலி இடம். இதே காரணத்தால், மூன்று பேர் கொடுத்து ஒருவரை வாங்கும் யோசனையை எழுதும்போது, மூவரைப் பெறும் அணி அதற்காக எந்த இருவரைக் கழற்றிவிடும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மூவரும் 40இல் இருப்பவர்களானால் எதிரணி பெரும்பாலும் மறுத்துவிடும்.

ஆப்ஷன் கணக்கையும் பாருங்கள். 40இல் இருக்கும் வீரரை மைனர் லீக்குக்கு அனுப்ப வழக்கமாக மூன்று ஆண்டு ஆப்ஷன் உண்டு. ஒரு சீசனில் 20 நாளாவது கீழே இருந்தால் அதில் ஒன்று தீரும். ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்ப முடியாது. ஆப்ஷன் தீர்ந்தவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் வெய்வர்ஸில் விட வேண்டும், அங்கே எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம். மார்ச் கடைசி வாரத்தில் நல்ல பிட்சர்கள் மலிவாகக் கைமாறுவது இதனால்தான். டிஎஃப்ஏ செய்யப்பட்டவருக்கு, அதாவது 40 பேர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவருக்கு, ஏழு நாள் அவகாசம், அதற்குள் டிரேடு, வெய்வர்ஸ், விடுவிப்பு என ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும். அவரைக் கேட்டு யாரும் பெரிய விலை தர மாட்டார்கள்.

கூடைப்பந்து பார்த்துப் பழகியவர்கள் "முதல் சுற்று டிராஃப்ட் தேர்வையும் சேர்த்துக்கொள்" என்பார்கள். பேஸ்பாலில் டிராஃப்ட் தேர்வுகளை, அதாவது புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் வாய்ப்புகளை, டிரேடு செய்ய முடியாது. சிறு சந்தை அணிகளுக்குத் தரப்படும் போட்டிச் சமநிலைத் தேர்வுகள் மட்டும் விலக்கு. 2024 பிப்ரவரியில் கார்பின் பர்ன்ஸுக்காக பால்டிமோர் ஓரியோல்ஸ், ஜோயி ஆர்டிஸ், டி.எல். ஹாலோடு அப்படிப்பட்ட 34ஆம் தேர்வையும் மில்வாக்கிக்குக் கொடுத்தது. புதிதாக டிராஃப்ட் ஆனவரை அந்த ஆண்டு உலகத் தொடர் முடியும்வரை டிரேடு செய்யக்கூடாது. அதன்பின் தடையில்லை. 2024 ஜூலையில் கப்ஸ் எடுத்த கேம் ஸ்மித் அந்த டிசம்பரிலேயே கைல் டக்கர் டிரேடில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குப் போனார்.

வீரரின் சம்மதம் தேவைப்படும் இடமும் உண்டு. பத்து ஆண்டு சேவை, அதில் கடைசி ஐந்து ஒரே அணியில் என்றால் எந்த டிரேடையும் அவர் மறுக்கலாம். ஒப்பந்தத்திலேயே மறுப்புரிமை எழுதி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். 2017இல் மையாமி மார்லின்ஸ், ஜயன்ட்ஸோடும் கார்டினல்ஸோடும் பேசி முடித்த டிரேடுகளை ஜியான்கார்லோ ஸ்டான்டன் நிராகரித்தார். கடைசியில் யாங்கீஸுக்கு, மிகக் குறைந்த விலைக்குத்தான் அவரைக் கொடுக்க முடிந்தது. போகும் இடத்தை வீரரே முடிவு செய்யும்போது விற்பவருக்குப் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது. நோலன் அரெனாடோ 2024 டிசம்பரில் ஹூஸ்டனை மறுத்ததும் இதே உரிமையில்தான்.

அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டிய பண வரி பற்றியும் கொஞ்சம். 2026க்கான வரம்பு 244 மில்லியன் டாலர். முதல் ஆண்டு தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 50. வரம்பை 60 மில்லியனுக்கு மேல் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு இன்னொரு 60 சதவீதம். அந்த உச்சியில் நிற்கும் அணிக்கு 10 மில்லியன் சம்பள வீரர் ஒருவர் 21 மில்லியன் செலவு. "அவர்களிடம்தான் பணம் கொட்டிக் கிடக்கிறதே" என்பதற்கு முன் இதைப் பெருக்கிப் பாருங்கள். வரிக்கு எடுக்கப்படுவது அந்த ஆண்டுச் சம்பளம் அல்ல, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. ஓதானிக்கு டாட்ஜர்ஸ் ஆண்டுக்கு 2 மில்லியன்தான் இப்போது கையில் தருகிறது, ஆனால் தள்ளிவைத்த தொகையின் இன்றைய மதிப்பைச் சேர்த்து வரிக் கணக்கில் சுமார் 46 மில்லியன் ஏறுகிறது.

எல்லாம் பொருந்தியும் மருத்துவப் பரிசோதனையில் உடையலாம். 2020 பிப்ரவரியில் பாஸ்டன் மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்த டிரேடு முதலில் மூன்று அணிப் பேரமாக இருந்தது. மின்னசோட்டாவின் பிட்சர் புரூஸ்டார் கிராட்ரோலின் மருத்துவ அறிக்கையைப் பார்த்ததும் பாஸ்டன் தயங்க, மொத்தமும் கலைந்து மறுபடி கட்டப்பட்டது. ஆகவே செய்தியாளர் "உடன்பாடு எட்டியது" என்று எழுதினால் முடிந்ததாக எண்ண வேண்டாம், அணி அறிவிப்பு வரட்டும். "விசாரித்தார்கள்" என்று மட்டும் வந்தால் ஒரு போன் பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அறிவிப்பில் "பின்னர் பெயரிடப்படும் வீரர்" என்று இருந்தால் ஆறு மாதத்துக்குள் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். அதுவரை அந்த டிரேடுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

இங்கே உள்ள விதிகள் 2026 டிசம்பர் 1 அன்று காலாவதியாகும் தற்போதைய தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி எழுதியவை. புது ஒப்பந்தம் வந்ததும் வரி வரம்பையும் சம்பள எண்களையும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.