அமெரிக்காவில், கன்சாஸில் என் கோதுமை ஆலங்கட்டி மழையில் போச்சு, மானியம் வரவில்லை. கோதுமையே விதைக்காத பக்கத்து நிலத்துக்காரருக்கு மட்டும் எப்படி வந்தது?

அந்தப் பணம் அவர் விதைத்ததற்கு வந்ததில்லை. மானியம் தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்எஸ்ஏவின் பதிவேட்டில் அவர் நிலத்துக்குக் கோதுமை பேஸ் ஏக்கர் இருக்கிறது, அதற்கு வந்தது. பழைய சாகுபடிக் கணக்கை வைத்து நிலத்தோடு ஒட்டிவிட்ட எண் அது. இன்று அங்கே சோயா நின்றாலும் எண் மாறாது. காய்கறி, பழம் மட்டும் விதிவிலக்கு: பேஸில் 15 சதவீதத்தைத் தாண்டினால் தாண்டிய ஏக்கருக்குப் பணம் வெட்டப்படும்.

முதலில் உங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) எஃப்எஸ்ஏ அலுவலகத்தில் 156இஇஸட் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் நிலத்தில் எந்தப் பயிருக்கு எத்தனை பேஸ் ஏக்கர், பிஎல்சி என்ற மானியத் திட்டத்துக்கான மகசூல் ஏக்கருக்கு எத்தனை புஷல் (தானிய அளவு) என்று அதில் இருக்கும். அப்படியே பிஎல்சியில் இருக்கிறீர்களா, ஆர்க் கவுண்டி என்ற இன்னொரு திட்டத்திலா என்றும் கேளுங்கள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

பிஎல்சி விலையை மட்டும் பார்க்கும்; சந்தை விலை ஆதார விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தரும். 2019 கோதுமைக்கு ஆதார விலை 5.50 டாலர், நாட்டின் சராசரிச் சந்தை விலை 4.58. வித்தியாசம் புஷலுக்கு 92 சென்ட். 160 ஏக்கர் நிலத்தில் 110 கோதுமை பேஸ், மகசூல் 38 புஷல் என்று வையுங்கள். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் பணம், அதாவது 93.5 ஏக்கர். 93.5 × 38 × 0.92, சுமார் 3,269 டாலர். இதிலும் சில சதவீதம் பட்ஜெட் வெட்டு போகும். 2019 ஜூனில் அறுத்த கோதுமைக்கு இந்தப் பணம் 2020 அக்டோபரில்தான் வந்தது. சந்தை ஆண்டு முடிந்தால்தானே சராசரி விலை தெரியும்.

ஆர்க் கவுண்டி வருமானத்தைப் பார்க்கும், ஆனால் உங்கள் வருமானத்தை இல்லை, கவுண்டியின் வருமானத்தை. கவுண்டி சராசரி நன்றாக இருந்தால் உங்கள் வயல் மொட்டையாகக் கிடந்தாலும் ஒரு சென்ட் வராது. ஆலங்கட்டிக்கு ஈடு தருவது பயிர்க் காப்பீடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எஃப்எஸ்ஏ அலுவலகத்தில் சண்டை போடுவதில் பயனில்லை.

தேர்வு சரியாக இருந்தும் பணம் நிற்கிறதென்றால் காகிதம்தான் காரணம். மண், ஈரநிலப் பாதுகாப்பு விதிகளுக்கு உறுதி தரும் ஏடி-1026, பண்ணையை யார் எப்படி நடத்துகிறார்கள் என்று சொல்லும் சிசிசி-902, சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டவில்லை என்று உறுதி தரும் சிசிசி-941, பிறகு விதைப்பு அறிக்கை 578. ஒன்று குறைந்தாலும் கோப்பு நகராது. பேஸ் மொத்தம் 10 ஏக்கருக்கு மேல் இல்லையென்றால், புதிய விவசாயி, முன்னாள் ராணுவத்தினர் போன்ற சிலரைத் தவிர யாருக்கும் பணம் கிடையாது. பணக் குத்தகை என்றால் மானியம் குத்தகைதாரருக்கு, உரிமையாளருக்கு இல்லை. முடிவு தவறு என்று தோன்றினால் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

2025 பயிரிலிருந்து கோதுமை ஆதார விலை 6.35 டாலர் ஆகியிருக்கிறது, அதனால் பழைய கணக்கை அப்படியே போடாதீர்கள். நிலத்தைப் புதிதாக, அதுவும் ஒரு பெரிய பண்ணையிலிருந்து பிரித்து வாங்கியிருந்தால், பத்திரத்தோடு போய் பேஸ் எப்படிப் பிரிந்தது என்று பாருங்கள். விற்பவரும் வாங்குபவரும் முன்கூட்டியே கையெழுத்திட்டு பேஸை விருப்பப்படி பிரித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. நிலம் உங்களிடமும் பேஸ் அவரிடமும் இருக்கலாம்.