பழைய ஹோல்ட்சாப்ஃபெல் லேத்தை வாங்கலாமா?

கேள்வி: லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு சின்ன லேத் ஒன்றில் கிண்ணம், பேனா, பம்பரம் கடைந்துகொண்டிருக்கிறேன். ஒரு கண்காட்சியில் அலங்காரக் கடைசலைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. பழைய கருவிகள் விற்கும் ஒருவர், ஹோல்ட்சாப்ஃபெல் என்ற பழைய லண்டன் பட்டறை 1838-இல் செய்த 'ரோஸ் என்ஜின்' லேத்தை 9,500 பவுண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். கடைந்து பழகக் கொஞ்சம் தந்தத் துண்டுகளும் இலவசமாம். என் மகனோ, 'அந்தக் காசுக்குப் புத்தம் புதிய விக்மார்க்கோ ஒன்வேயோ வாங்குங்கள் அப்பா, எல்லா வேலையும் அதிலேயே நடக்கும்' என்கிறான். எதை வாங்குவது?

பதில்: உங்கள் மகன் சொல்வது பாதி சரி. விற்பவர் சொல்வதில் அந்தப் பாதியும் தேறாது.

முதலில் மகன் பேச்சு. ஆஸ்திரேலியாவின் விக்மார்க், கனடாவின் ஒன்வே, அமெரிக்காவின் ரோபஸ்ட் எல்லாமே அருமையான இயந்திரங்கள். கோணல்மாணலான பெரிய மரக்கட்டையை மாட்டினாலும் ஆடாது, வேகத்தை மெதுவாக ஏற்றி இறக்கலாம். அரை மீட்டர் அகலக் கிண்ணம் கடைய வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஆனால் நீங்கள் ஆசைப்படுவது வேறு வேலை. சாதாரணக் கடைசலில் மரம் சுழலும், உளி உங்கள் கையில் இருக்கும். அலங்காரக் கடைசலில் பெரும்பாலும் மரம் அசையாமல் நிற்கும். கடுகளவு வெட்டுமுனை ஒன்று படுவேகமாகச் சுழன்று வந்து கொத்தும். ஒரு கொத்து முடிந்ததும் மரத்தைக் கணக்காகத் திருப்பி நிறுத்தி, அடுத்த கொத்து. ரூபாய் நோட்டின் ஓரத்திலும் பழைய பாக்கெட் கடிகாரத்தின் முகப்பிலும் பின்னிப் பின்னி ஓடும் கோடுகள் இந்தக் குடும்பத்து வேலைதான்.

இதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். மரத்தைக் கணக்காக நிறுத்தப் பிரிப்புத் தட்டு. வெட்டுமுனையைத் திருகி நகர்த்த ஸ்லைடு ரெஸ்ட். ஹோல்ட்சாப்ஃபெல்லில் ஒரு சுற்றுத் திருகினால் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு நகரும். வெட்டுமுனையைச் சுழற்ற, தலைக்கு மேலே கட்டிய கயிற்று ஓட்டம். புதிய பெரிய லேத்தில் பிரிப்பு பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 24, 36, 48 போன்ற அளவோடு நின்றுவிடும். மற்ற இரண்டும் கிடையாது. ஹோல்ட்சாப்ஃபெல் தட்டில் பெரும்பாலும் 96, 112, 120, 144, 192, 360 என்று துளை வரிசைகள் இருக்கும். 144 வரிசையில் ஆறு ஆறு துளையாகத் தள்ளினால் 24 வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விழும். பதினேழாவது வட்டத்தில் ஆறுக்குப் பதில் ஐந்து எண்ணினீர்களானால் அந்தக் கட்டை அடுப்புக்குத்தான். இந்த எண்ணும் வேலையில் சுகம் காண்பவருக்குத்தான் இது சரிப்படும். ரஷ்யாவின் மகா பீட்டர் போன்ற அரசர்கள்கூட இதில் கிறுக்குப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி, விற்பவர். ஜான் ஜேக்கப் ஹோல்ட்சாப்ஃபெல் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து லண்டனுக்கு வந்து 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொழில் தொடங்கியவர். மூன்று தலைமுறையைத் தாண்டி ஓடிய அந்தப் பட்டறை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட லேத்துகளை வரிசை எண் போட்டு விற்றது. அவற்றில் உண்மையான ரோஸ் என்ஜின் மிகச் சில. தரகர்களோ பித்தளைத் தட்டும் மகாகனி மேசையும் உள்ள எதையும் 'ரோஸ் என்ஜின்' என்று விற்கிறார்கள். சோதிப்பது எளிது. ரோஸ் என்ஜினில் சுழல்தண்டைத் தாங்கும் தலைப்பகுதியே முன்னும் பின்னும் ஆடும். தண்டின்மேல் அலை அலையாக ஓரம் வெட்டிய பித்தளை வட்டுகள் வரிசையாகக் கோத்திருக்கும். தலை ஆடவில்லை, வட்டு இல்லை என்றால் அது சாதாரண அலங்கார லேத். அதுவும் நல்ல பொருள்தான், ஆனால் விலை வேறு.

இதைவிடப் பெரிய வலை ஒன்று இருக்கிறது. இந்தத் தொழிலில் மதிப்பு லேத்தில் இல்லை, கூட வரும் இழுப்பறைப் பெட்டியில் இருக்கிறது. வெட்டுமுனையைப் பிடித்துச் சுழற்றும் எக்சென்ட்ரிக் கட்டிங் ஃபிரேம், துளையிடும் ஃபிரேம், யுனிவர்சல் ஃபிரேம், மரத்தைப் பிடிக்கும் ஓவல் சக், நூற்றுக்கணக்கான குட்டி வெட்டுமுனைகள் எல்லாம் அதில்தான். தாத்தா இறந்ததும் பேரன் மொத்தமாக விற்பான். வாங்கிய தரகர் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தனி விலைக்குத் தள்ளிவிட்டு, வெறும் லேத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி உங்களைப் போன்றவர் தலையில் கட்டுவார். பிறகு நீங்கள் ஒவ்வொரு துண்டாகத் தேடி அலைய வேண்டும். கிடைத்தாலும் பொருந்தாது: சுழல்தண்டின் மூக்கில் உள்ள மரை பெரும்பாலும் அங்குலத்துக்கு 9.45 சுற்று என்ற விநோதக் கணக்கு. உங்கள் சின்ன லேத்தின் சக் எதுவும் அதில் ஏறாது. ஆகவே லேத்திலும் முக்கியமான கருவிகளிலும் ஒரே வரிசை எண் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். பளபளப்பாக்கும் வெறியில் எண்ணையே தேய்த்து அழித்திருந்தால் நடையைக் கட்டுங்கள்.

அடுத்தது தந்தம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள், ஏனென்றால் 'இலவசம்' என்ற சொல்லில்தான் ஆபத்து.

பிரிட்டனின் தந்தச் சட்டம் 2018-இல் நிறைவேறி, 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. யானைத் தந்தம் எவ்வளவு பழையதானாலும் விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 2025 ஜனவரி 28 முதல் நீர்யானை, ஸ்பெர்ம் திமிங்கிலம், நார்வால், ஓர்கா ஆகியவற்றின் பற்களும் இதில் சேர்ந்துவிட்டன. பழைய கடைசல்காரர்கள் நீர்யானைப் பல்லையும் கடைந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். சில விலக்குகள் உண்டு. இங்கே பொருந்தக்கூடியது இது: 1947 மார்ச் 3-க்கு முன் செய்த பொருளாக இருக்க வேண்டும், மொத்தக் கன அளவில் தந்தம் பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், எளிதில் கழற்ற முடியாதபடி பொருளோடு ஒன்றியிருக்க வேண்டும். அதையும் விற்பவர் விற்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டியின் இழுப்பறையில் பதித்த தந்த வில்லை இதில் தப்பும். தந்தக் கைப்பிடி போட்ட சிற்றுளி தப்பாது. அது தனிப் பொருள், அதன் கன அளவில் பெரும்பங்கு கைப்பிடிதான். கடையாத வெறும் தந்தத் துண்டுக்கு விலக்கே இல்லை. அப்பா மகனுக்குச் சும்மா கொடுக்கலாம், உயில் எழுதி வைக்கலாம். ஆனால் 9,500 பவுண்டு வாங்கிக்கொண்டு, 'தந்தம் மட்டும் அன்பளிப்பு' என்பது அன்பளிப்பு ஆகாது. பிடிபட்டால் இரண்டரை லட்சம் பவுண்டு வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை.

யானையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் விக்டோரியா காலத்துப் பெட்டியில் பொத்தான் அளவு வில்லைக்குப் படம் எடு, சதவீதம் கணக்கிடு, 20 பவுண்டு கட்டு என்று நேர்மையாக விற்கிறவனை இணையதளத்தில் உட்காரவைக்கிறார்கள். நாளை நீங்கள் விற்க நினைத்தால் அதே பெட்டிக்கு மறுபடியும் பதிவு, மறுபடியும் 20 பவுண்டு. தரகரோ எதையும் பதிவு செய்யாமல் 'இலவசம்' என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறார். பதிவுச் சான்றைக் கையில் வாங்காமல் பெட்டியைக் காரில் ஏற்றாதீர்கள்.

பழகுவதற்குத் தந்தம் தேவையும் இல்லை. பாக்ஸ்வுட், ஆப்பிரிக்கக் கருமரம் இரண்டும் போதும். துளை விரிந்த ஓக் மரம் வேண்டாம், விளிம்பு உதிரும். கொத்திய பரப்பில் உப்புத்தாள் போடக் கூடாது, போட்டால் கூர் விளிம்பெல்லாம் மழுங்கிவிடும். வெட்டுமுனையின் பளபளப்பு எவ்வளவோ அவ்வளவுதான் மரத்தின் பளபளப்பு. அதனால் வெட்டுமுனையைக் கோணம் பிசகாமல் பிடித்துத் தீட்டும் கோனியோஸ்டாட் என்ற சின்னக் கருவி பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பித்தளைத் தகட்டில் சாணைப்பொடி தடவித் தீட்டி, பிறகு இன்னொரு தகட்டில் இன்னும் மெல்லிய பொடியால் மெருகேற்றுவது வழக்கம். அது இல்லாத பெட்டியை முழுப்பெட்டி என்று சொல்லவே கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போது எதையும் வாங்க மாட்டேன். 1948-இல் தொடங்கிய அலங்காரக் கடைசல்காரர் சங்கம் இங்கிலாந்தில்தான் இருக்கிறது. அதில் சேருங்கள். உறுப்பினர்கள் தங்கள் லேத்தில் உட்காரவைத்துக் காட்டுவார்கள். வயதானவர்கள் பெட்டியோடு முழுதாகக் கைமாற்ற ஆள் தேடுவதும் உண்டு. பொறுமை இல்லையென்றால், இருக்கும் சின்ன லேத்திலேயே ஒரு ஸ்லைடு ரெஸ்ட்டும் ஒரு கட்டிங் ஃபிரேமும் பொருத்திக்கொள்ளலாம். எம்டிஎஃப் என்ற, மரநாரை அழுத்திச் செய்த பலகையில் ரோஸ் என்ஜின் செய்து மகிழ்கிறவர்களும் இருக்கிறார்கள். கை வேலை தெரிந்த உங்களுக்கு அது ஒன்றும் மலையில்லை.

அந்த 1838 லேத்தை விட மனமில்லையா? வரிசை எண், தலைப்பகுதியின் பின்பக்கம், திறந்த ஒவ்வொரு இழுப்பறை, இவற்றின் படங்களைக் கேளுங்கள். அவற்றைச் சங்கத்தில் காட்டினால் அது எப்போது செய்தது, என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். அதுவரை முன்பணம் ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள். 'வேறொருவர் நாளை வருகிறார்' என்று அவசரப்படுத்தினால், வரட்டும், அவரே வாங்கட்டும்.