ஆற்றிலும் சட்டையைக் கழற்றாத பையன்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பிறந்தபோதே நடு நெஞ்சில் லேசான குழி இருந்தது. ஒரு வருஷமாகக் கிடுகிடுவென வளர்கிறான், குழியும் ஆழமாகிவிட்டது. ஓடினால் மூச்சு வாங்குகிறதாம். தாமிரபரணியில் குளிக்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றுவதில்லை. நான் மாசமாக இருந்தபோது குப்புறப் படுத்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். உடம்பு போட்டால் சரியாகிவிடுமா? ஆபரேஷன் செய்ய வேண்டுமா?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் படுத்த விதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. இதை மாமியாரிடமும் வாசித்துக் காட்டுங்கள். விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைப்பது குருத்தெலும்பு. மூக்கு நுனியைத் தொட்டால் வளைகிறதே, அந்த ரகம். அது தாறுமாறாக வளர்ந்து நெஞ்செலும்பை உள்ளே தள்ளிவிடுகிறது. ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். சில குடும்பங்களில் வழிவழியாக வரும். அப்பா, மாமன்மார் நெஞ்சையும் ஒருமுறை பாருங்கள். பையன் மளமளவென வளரும் வயதில் குழியும் சேர்ந்து ஆழமாகும். முட்டையும் பாலும் கொடுத்தால் சதை பிடிக்கும், ஆனால் எலும்பு நகராது.

ஒரு சின்னச் சோதனை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடச் சொல்லுங்கள். கட்டைவிரலின் நுனிக்கணு முழுவதும் சுண்டுவிரல் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்து, ஆளும் ஒல்லியாக நெடுநெடுவென்று இருந்தால், மார்ஃபான் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கலாம். எப்படியிருந்தாலும் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

ஆபரேஷனா இல்லையா என்பதற்கு சி.டி. ஸ்கேன் கணக்கு ஒன்று உண்டு. நெஞ்சின் உள் அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுப்போம். சாதாரணமாக 2.5 அளவில் வரும். அகலம் 26 செ.மீ., இடைவெளி 8 செ.மீ. என்றால் 3.25. அதைத் தாண்டினால் ஆபரேஷன் பற்றி யோசிப்போம். இந்த எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. மூச்சுத்திறன் சோதனை, இதயம் அழுந்துகிறதா என்பது, பையனின் மனசு, மூன்றும் சேர்ந்ததுதான் முடிவு.

லேசான குழி என்றால் நிமிர்ந்து நிற்கவும் மூச்சை இழுத்துவிடவும் பயிற்சி போதும். உறிஞ்சு கிண்ணம் போன்ற கருவியும் உண்டு. மாதக்கணக்கில், தினமும் பொறுமையாக வைக்க வேண்டும். ஆழமென்றால், 1987இல் அமெரிக்க மருத்துவர் டொனால்டு நஸ் தொடங்கிய முறை. பக்கவாட்டில் சின்னதாகக் கீறி, வளைந்த உலோகப் பட்டையை நெஞ்செலும்புக்கு அடியில் நுழைத்துத் திருப்பினால் குழி மேலெழும். இரண்டு, மூன்று வருஷம் கழித்துப் பட்டையை எடுத்துவிடுவார்கள். எலும்பு இன்னும் இளசாக இருக்கும் இந்த வயது அதற்குத் தோதானது. ஆனால் முதல் சில வாரம் வலி கடுமையாக இருக்கும். பட்டை நகர்வதும் உண்டு, அபூர்வமாக இதயத்தில் காயம் படலாம். கவரிங் நகை போட்டால் அரிக்கும் உடம்பு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், பட்டையில் நிக்கல் இருக்கும்.

முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் அன்றைக்கே போங்கள். அதுவரை ‘ஏல, சட்டையைக் கழத்துல’ என்று படித்துறையில் யாரும் அவனை வற்புறுத்த வேண்டாம்.