எடுக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்: எல்லையோரப் படக்காரர்களின் கேள்விகள்

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, கேரளப் பக்கத்துக் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விளம்பரப் படம் எடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில். கல்யாணப் படப்பிடிப்பு பற்றிய கேள்விகளை இதில் சேர்க்கவில்லை.

நெய்யாற்றின்கரையில் ஒரு நகைக்கடைக்குக் கேட்லாக் என்று சொல்லித்தான் 45 நகைகளும் ஒரு மாடலும் எடுத்துக் கொடுத்தேன். 38,000 ரூபாய் தந்தார்கள். இப்போது அதே படம் சாலையோரப் பலகையில் பெரிதாக நிற்கிறது. கேட்டால் "காசு தந்தாச்சே" என்கிறார் முதலாளி. படம் எடுத்தவனுக்குத்தானே உரிமை?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

இல்லை. நம் தொழிலில் பலரும் தப்பாக நம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி படத்தின் படைப்பாளி, அதை எடுத்தவர். ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. உங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் பலகை வைத்ததில் சட்டப்படி குற்றம் காண முடியாது. "கேட்லாக்குக்கு" என்று வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்தி இருந்தால் பேச்சுவார்த்தைக்குக் கொஞ்சம் உதவும். அதை வைத்து வழக்குக்குப் போவது வீண் செலவு.

"வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்ற அந்தச் சொற்கள்தான் உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு. அடுத்த வேலைக்குக் கொட்டேஷன் கொடுக்கும்போதே கீழே நான்கு வரி சேருங்கள். பதிப்புரிமை படக்கலைஞரிடமே இருக்கும். இந்தத் தொகை கடையின் இணையதளம், சமூக ஊடகம், அச்சுக் கேட்லாக் ஆகியவற்றுக்கு மட்டும். காலம் 12 மாதம், இடம் கேரளமும் தமிழ்நாடும். சாலைப் பலகை, பேருந்து விளம்பரம், பத்திரிகை விளம்பரம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். இதில் அவர் கையெழுத்து, படப்பிடிப்புக்கு முன் விழ வேண்டும். எடுத்து முடித்த பிறகு வாங்கும் தாளில், ஏற்கெனவே அவருடையதாகிவிட்ட உரிமையை உங்களுக்குத் திருப்பி எழுதித் தரும்படி கேட்கிறீர்கள். யார் தருவார்?

முழு உரிமையும் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டால் கொடுக்கலாம், விலை மட்டும் வேறு. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

மொழியையும் கவனியுங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலாளிகள் பலர் நம்மோடு தமிழில் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாது. கொட்டேஷன் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். புரியாத தாளில் போட்ட கையெழுத்து பிறகு சண்டைக்குத்தான் இடம் கொடுக்கும்.

இன்னொன்று, அந்த மாடல். கேட்லாக்குக்கு என்று சம்மதித்தவர் தன் முகத்தைப் பலகையில் பார்த்தால் முதலில் உங்களைத்தான் அழைப்பார். எந்தெந்தப் பயன்பாட்டுக்குச் சம்மதம் என்று எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து.

நான் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். ஆண்டு வரவு 14 லட்சம். பாதி வாடிக்கையாளர்கள் கேரளத்தில். இதுவரை சிக்கல் வரவில்லை. இப்படியே தொடரலாமா?
– ஒரு ஸ்டூடியோ உரிமையாளர், களியக்காவிளை

தொடரக் கூடாது. சேவைத் தொழிலுக்கான காம்போசிஷன் திட்டத்தில் 6 சதவீதம் கட்டினால் போதும், வரம்பு 50 லட்சம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் வேறு மாநிலத்துக்குச் சேவை வழங்குபவர் அந்தத் திட்டத்தில் இருக்கவே முடியாது. உங்கள் ஸ்டூடியோவிலிருந்து பாறசாலைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கணக்கில் வராது. ஒரே ஒரு பில் எல்லை தாண்டினாலும் தகுதி போய்விடும். பிற்பாடு கண்டுபிடித்தால் விட்டுப்போன வரியோடு அபராதமும் சேரும். தகுதி இழந்த 7 நாளுக்குள், திட்டத்திலிருந்து விலகுவதற்கான சிஎம்பி-04 படிவம் கொடுத்திருக்க வேண்டும். அது தவறிப்போனதால், தாமதிக்காமல் ஆடிட்டரிடம் பழைய பில்களை எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி உங்களுக்கு இரண்டு வழி. சேவை மட்டும் வழங்குபவருக்கு நாடு முழுவதும் சேர்த்து வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால், வேறு மாநிலத்துக்கு வேலை செய்தாலும் பதிவு கட்டாயமில்லை. பதிவை ரத்து செய்துவிட்டு வரியில்லாமல் பில் போடலாம். அல்லது சாதாரணப் பதிவுக்கு மாறி 18 சதவீதம் போடலாம். எது நல்லது என்பது உங்கள் வாடிக்கையாளர்களைப் பொறுத்தது. ஜிஎஸ்டி பதிவுள்ள கடைகளும் கம்பெனிகளும் அதிகம் என்றால் சாதாரணப் பதிவே மேல். அவர்கள் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார்கள், நீங்களும் கேமரா, லைட் வாங்கியதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத சின்னக் கடைகளே அதிகம் என்றால் அந்த 18 சதவீதம் அவர்களுக்குச் சுமைதான்.

சாதாரணப் பதிவுக்கு மாறினால் பில்லில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. எங்கே நின்று படம் எடுத்தோம் என்பதைப் பார்த்து வரி போடுகிறார்கள். பார்க்க வேண்டியது வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை. 32 என்றால் கேரளம், மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 18 சதவீதம். 33 என்றால் தமிழ்நாடு, மத்திய வரி 9, மாநில வரி 9. சென்னைக் கம்பெனி ஒன்று தன் தமிழ்நாட்டு எண்ணைக் கொடுத்து, திருவனந்தபுரத்துக் கிளையைப் படமெடுக்கச் சொன்னால் 9, 9தான். பதிவில்லாத வாடிக்கையாளர் என்றால் அவருடைய முகவரியை பில்லில் எழுதுங்கள், அந்த மாநிலமே கணக்கு. தவறாக 9, 9 கட்டியிருந்தால் சரியான ஐஜிஎஸ்டியைக் கட்டிவிட்டு, பழையதை 2 ஆண்டுக்குள் திரும்பக் கேட்கலாம். அந்த ஐஜிஎஸ்டிக்கு நீங்கள் வட்டி கட்ட வேண்டியதில்லை.

ஃபிரேம் போட்ட படம், கேன்வாஸ் பிரிண்ட் என்று தனியாக விற்கிறீர்களா? அது சரக்கு. சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த 20 லட்சச் சலுகை உதவாது, பதிவு வேண்டும்.

ஓணத்துக்கு முன் பாலராமபுரம் கசவுச் சேலைகள் எடுக்கும் வேலை வருகிறது. ஜரிகை சில படங்களில் பழுப்பாக, சிலவற்றில் கறுப்பாகவே வருகிறது. துணியும் வெள்ளை வெளேரென்று மாறிவிடுகிறது. சில படங்களில் வானவில் போல அலைக்கோடுகள். கேமராக் கோளாறா?
– ஒரு வாசகர், குழித்துறை

கேமரா மேல் பழி இல்லை. ஜரிகை என்பது உலோகம், ஒரு சின்னக் கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதைத்தான் காட்டும். லைட் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் ஜரிகைக்கு எதிரே இருட்டான சுவர் இருந்தால் அது கறுப்பாகத்தான் வரும். எனவே லைட்டைக் கூட்டுவதில் பயனில்லை, ஜரிகை "பார்க்கும்" இடத்தில் வெள்ளையை வையுங்கள். வெளிச்சத்தை மென்மையாக்கும் 60×90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் ஒன்றைப் பக்கவாட்டில் 45 பாகையில் வைத்து, எதிர்ப்பக்கம் 3×4 அடி வெள்ளைத் தெர்மோகோல் பலகையை நிறுத்துங்கள். பிறகு கேமரா இருக்கும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் ஒரு கோணத்தில் கரை முழுவதும் பொன்னாக எரியும். அங்கே நிறுத்துங்கள். பலகையின் நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கறுப்புத் துணி தொங்கவிட்டால் ஜரிகைக்கு ஆழமும் கிடைக்கும்.

துணி வெளுத்துப்போவதற்குக் காரணம், எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டும் ஒயிட் பேலன்ஸைச் சேலையையே வைத்து எடுப்பது. கசவின் அழகே அந்தச் சலவை செய்யாத நூலின் பழுப்பு கலந்த வெண்மை. அதை வெள்ளை என்று கேமராவுக்குச் சொன்னால் நிறம் நீலப்பக்கம் நகர்ந்து, பொன்னும் பித்தளையாகிவிடும். சாம்பல் நிற அட்டையை வைத்து எடுங்கள். துணியின் வெளிச்சம், முழு வெள்ளையான 255க்கு 230 முதல் 240க்குள் நிற்கட்டும், ஜரிகையின் முனைகளில் மட்டும் வெளிச்சம் வெடித்தால் பரவாயில்லை. கடையின் ட்யூப்லைட்டும் உங்கள் லைட்டும் கலக்கக் கூடாது, கடை விளக்குகளை அணைத்துவிடுங்கள். மலிவான எல்இடி விளக்கில்தான் எடுக்க வேண்டும் என்றால் ஷட்டர் 1/50 அல்லது 1/100ல் இருக்கட்டும். இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

அலைக்கோடுகள், நெசவின் நெருக்கமும் சென்சாரின் கட்டங்களும் மோதுவதால் வருபவை. கேமராவை ஓரடி முன்னோ பின்னோ நகர்த்துங்கள், அல்லது சேலையைச் சற்றே திருப்புங்கள். அதற்கும் போகவில்லை என்றால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8லிருந்து எஃப் 16க்குப் போனால் கூர்மை சிறிது குறைந்து கோடு மங்கும். கேமராவின் சின்னத் திரையில் தெரிகிற அலையை நம்ப வேண்டாம், 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஓண வேலை பெரும்பாலும் கர்க்கடக (ஆடி) மழையில்தான் நடக்கும். ஈரக்காற்றில் பருத்தி துவண்டுவிடும். ஒவ்வொரு சேலைக்கும் எடுக்கும் முன் இஸ்திரி வேண்டும். இஸ்திரி போட ஓர் ஆளுக்கான கூலியைக் கொட்டேஷனில் சேர்க்க மறக்காதீர்கள்.

கொல்லத்து முந்திரிக் கம்பெனி ஒன்று 1,12,000 ரூபாய் பாக்கி வைத்து 5 மாதமாகிறது. வேறு மாநிலத்தில் போய் வழக்குப் போட முடியுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

போக வேண்டியதில்லை. சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு உங்களிடம் இருக்கிறதா? இலவசம், இணையத்திலேயே எடுக்கலாம். 2006ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி, பதிவுள்ள சிறு தொழிலுக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. முக்கியமானது, புகாரை விசாரிக்கும் மன்றம் பணம் வர வேண்டியவரின் ஊரைப் பொறுத்தது. வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் தமிழ்நாட்டிலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் வேலைக்கு முன்பே பதிவு இருந்தால்தான் கை வலுக்கும்.

முதலில் அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதி, உத்யம் எண்ணையும் பில் தேதியையும் குறிப்பிடுங்கள். நிதியாண்டு 2023–24 முதல், இப்படிக் காலம் கடந்த பாக்கியை உண்மையில் கட்டிய ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே பாக்கியைத் தீர்க்கச் சொல்வார்.

இனிமேல் பாதிப் பணம் முன்பணம். மீதி வருவதற்கு முன் 1,200 பிக்சல் அளவில், குறுக்கே பெயர் போட்ட படங்களை மட்டும் காட்டுங்கள். வருமான வரிக்காக அவர்கள் பிடித்தம் செய்த டிடிஎஸ், வருமான வரித் துறையின் தளத்திலுள்ள உங்கள் 26ஏஎஸ் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிஎஸ்டியை பில்லில் தனியாகக் காட்டியிருந்தால், பிடித்தம் அடிப்படைத் தொகைக்கு மட்டுமே.

ஒரு பொருளுக்கு 60 ரூபாய்க்கு வெள்ளைப் பின்னணிப் படம் எடுத்துத் தருகிறார்கள். நான் 250 கேட்டால் சிரிக்கிறார்கள். எப்படி விலை வைப்பது?
– ஒரு வாசகர், தக்கலை

அடுத்தவர் விலையிலிருந்து தொடங்காதீர்கள், உங்கள் செலவிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு, கேமரா, லென்ஸ், லைட் 6 லட்சம், 4 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 1,50,000. வாடகை 96,000. மின்சாரமும் இணையமும் 36,000. காப்பீடு, ரிப்பேர் 40,000. மென்பொருள் 18,000. பெட்ரோல் 40,000. மொத்தம் 3,80,000. உங்கள் சம்பளம் மாதம் 30,000 என்றால் 3,60,000. கூட்டினால் 7,40,000. ஒரு நாள் எடுத்தால் ஒரு நாளுக்கு மேல் எடிட்டிங், பிறகு அலைச்சல், மழை, ஆள் தேடுவது எல்லாம் போக ஆண்டுக்கு 100 நாள் படப்பிடிப்பு கிடைத்தாலே நல்லது. ஒரு நாளுக்கு 7,400. லாபம் 20 சதவீதம் சேர்த்தால் 8,880. நாளுக்கு 40 பொருள் எடுத்தால் ஒன்றுக்கு 222 ரூபாய். நீங்கள் கேட்கும் 250 நியாயமானதே.

60 ரூபாய்க்காரர் தன் சம்பளத்தையோ கேமராத் தேய்மானத்தையோ கணக்கில் எடுக்கவில்லை. அவரோடு போட்டி போட்டால் அடுத்த கேமரா வாங்கும்போது கடன் வாங்குவீர்கள். விலை குறைக்க வேண்டிவந்தால் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிக் குறையுங்கள், ஒரே அளவுள்ள 80 தேன் பாட்டில்களை லைட்டை மாற்றாமல் ஒரே நாளில் முடிக்கலாம். நகையில் அது நடக்காது.

செயற்கை நுண்ணறிவில் படம் செய்துகொள்கிறோம் என்று இரண்டு கடைகள் எனக்கு வேலை தருவதை நிறுத்திவிட்டன. இந்தத் தொழில் இருக்குமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

வெறும் வெள்ளைப் பின்னணி வேலை குறையும், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் விற்கிற பொருளும் படமும் ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரம் தடுமாறுகிறது. ஆரத்தில் 22 கல் இருந்தால் 25 போடும், கசவுக் கரையின் கோட்டை மாற்றும். பொருள் திரும்பி வரும் செலவு கடைக்காரருடையது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இதைக் கடைக்காரரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பொருளை உண்மையாகப் படமெடுத்து, பின்னணியை மட்டும் கணினியில் செய்து தரலாம். என் படங்களைக் கொடுத்து வேறு படங்களை உருவாக்கக் கூடாது என்ற வரியும் கொட்டேஷனில் ஏறட்டும்.

லென்ஸில் பூஞ்சை.
– ஒரு வாசகர், குலசேகரம்

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. காற்றின் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோல் பையில் வைக்காதீர்கள், ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரமானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். 30க்குக் கீழே போனால் ரப்பர் பாகங்கள் கெடும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் 120 பாகைச் சூட்டில் 2 மணி நேரம் வறுத்துத் திரும்பப் போடலாம், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். ஏசி கடையிலிருந்து வெளியே வரும்போது கேமராவை ஜிப் கவருக்குள் போட்டு அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் லென்ஸில் பனி படியாது. ஏற்கெனவே பூத்த லென்ஸை வெயிலில் வைத்தால் பூஞ்சை பரவுவது நிற்கலாம், கறை போகாது. அதைப் பிரித்துத் துடைக்க ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். சுத்தம் ஆகிவரும்வரை மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம்.