ஆங்கிலத்தில் கதைசொல்லும் கட்டுரை எழுதப் பழகுவது எப்படி?

நடந்த ஒரு சம்பவத்தை, அது நம்மை என்ன செய்தது என்பதோடு சேர்த்துச் சொல்வதே கதைசொல்லும் கட்டுரை. விவரணக் கட்டுரை திருகோணமலைக் கோணேசர் கோவிலைக் காட்டும். இதுவோ, அங்கே போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் ஒரு மான் உங்கள் அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தைப் பறித்ததைச் சொல்லும்.

வீட்டுக்குப் பிந்தி வந்தால் அம்மா, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பார். காலையில் பல் துலக்கியதிலிருந்தா தொடங்குகிறோம்? நேரே மானுக்கு வந்துவிடுகிறோம். கட்டுரையையும் அங்கேயே தொடங்குங்கள்.

நம் பிள்ளைகள் உண்மையில் இடறுவது வேறோர் இடத்தில். தமிழில் "எழுந்து, குளித்து, பஸ் ஏறிப் போனேன்" என்று வினையெச்சங்களைக் கோத்து ஒரே வசனமாக்கலாம். கடைசி வினை மட்டும் காலத்தைச் சுமக்கும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு வினையும் காலம் காட்ட வேண்டும். தமிழ்ப் பழக்கத்தில் எழுதும்போது 'அண்ட் தென், அண்ட் தென்' என்று நீண்டுவிடுகிறது. வசனத்தை வெட்டுங்கள். பின்னணிக்கு 'வோஸ் வோக்கிங்', திடீரென நடந்ததற்கு 'ஸ்னாச்ட்': நடந்துகொண்டிருந்தேன், மான் பறித்தது. (மாற்றிப் போட்டால் மான் நாள் முழுவதும் பறித்துக்கொண்டே இருக்கும்!)

எழுதுமுன் ஒருவரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். அவர் "பிறகு?" என்று கேட்காத பகுதிகளை நீக்கிவிடலாம்.

கதை என்றால் கப்பல் கவிழ வேண்டும், அகராதிச் சொற்கள் நிறைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பறிபோன அந்த வாழைப்பழத்தை எளிய சொற்களில் வைத்தே முழுக் கட்டுரையும் எழுதலாம்.