என் வகுப்பு மாணவர்களிடமே ஆய்வு செய்தால் ஒப்புதல் படிவம் தேவையா?

கேட்டவர் ஒரு கல்லூரி ஆசிரியர். பிஎச்.டி.க்காகத் தன் வகுப்பில் 40 பேருக்குக் கேள்வித்தாள் மட்டும்தான் கொடுக்கிறாராம், ஊசியா மருந்தா, இதற்கும் ஒப்புதல் படிவம் வேண்டுமா என்கிறார்.

வேண்டும். ஆனால் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் நான் பட்டதை நீங்களும் படுவீர்கள்.

சில வருடங்களுக்கு முன் நானும் கூகுள் ஃபார்மில் கேள்விகளைப் போட்டு, மேலே 'சம்மதம்' என்று ஒரு பெட்டி வைத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். ராத்திரிக்குள் 38 பேரும் நிரப்பிவிட்டார்கள், எனக்கு ஒரே பெருமை. மறுநாள் வராந்தாவில் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து, "சார், இதுக்கு இன்டர்னல்ல மார்க் உண்டா?" என்றான். போதாக்குறைக்கு ஃபார்மில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதியை நான் அணைக்கவே இல்லை, ஆக 'ஆசிரியர் புரியும்படி நடத்துகிறாரா' என்ற கேள்விக்கு யார் என்ன சொன்னார்கள் என்பது வரிசையாக என் முன்னால் கிடந்தது. எல்லாரும் 'மிக நன்று'. மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன்.

மார்க் போடுகிற கையே படிவத்தை நீட்டினால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 ஆய்வு நெறிமுறைகள் மாணவர்களை, எளிதில் நெருக்கடிக்கு ஆளாகக்கூடியவர்கள் பட்டியலில் வைத்திருப்பது இதனால்தான். எனவே நீங்கள் கேட்காதீர்கள். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவர் போய்த் தமிழிலேயே விளக்கட்டும், நீங்கள் அப்போது அந்த அறையில் இருக்க வேண்டாம், இன்டர்னல் மார்க் போட்டு முடிக்கும்வரை பதில்கள் அவரிடமே இருக்கட்டும்.

அப்புறம், பெயரை எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவில் 2008-ல் ஒரு கல்லூரி மாணவர்கள் 1,640 பேரின் ஃபேஸ்புக் விவரங்களைப் பெயர் நீக்கி ஆய்வுக்காக வெளியிட்டார்கள், கல்லூரியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அந்த மாணவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. தரவைத் திறக்காமலே, கூட இருந்த விளக்கக் குறிப்பில் வரும் பாடப்பிரிவுப் பெயர்கள் போன்றவற்றை வைத்தே அது ஹார்வர்டு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 1,640 பேருக்கே இந்தக் கதி என்றால் உங்கள் 40 பேரில் 'விடுதியில் தங்கும், தமிழ்வழியில் படித்த, முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவி' என்று எழுதினால் அது யார் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஒருவர் இருவர் மட்டுமே வரும் பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

முதலாண்டு வகுப்பா? வயதைப் பாருங்கள், சிலருக்கு 17-தான் ஆகியிருக்கும். அவர்களுடைய சம்மதத்தோடு பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியைத் தரவு சேகரிக்கும் முன்பே வாங்குங்கள், பிறகு போய்ப் பழைய தேதி போட்டுத் தரச் சொல்லி அலையாதீர்கள்.

அடுத்த வருடம் வேறொரு வகுப்பில், இன்னொருவரை அனுப்பி இப்படிச் செய்தபோது 38 எல்லாம் வரவில்லை, 23 பேர்தான் பதில் தந்தார்கள். என் ஆய்வு வழிகாட்டி முகம் சுளித்தார். அதில் ஒரு தாளில், 'சார் போர்டைப் பார்த்தே பேசுகிறார், எங்களைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை' என்று எழுதியிருந்தது. யார் எழுதியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.